டீ ஊசி

போன மாதம் குன்னூரில், பேருந்து நிலையத்துக்கு மேலே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தேயிலைக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கியவளைச் சும்மா நிற்க விடுவார்களா? கடைப் பெண் ஒரு பச்சைத் தகர டப்பாவைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டாள். வழவழப்பான டப்பா, மேலே தங்க எழுத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் படம். “கிரீன் டீங்க மேடம். ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்குதுங்க. உடம்புக்கு அவ்வளவு நல்லதுங்க” என்றாள். பாவம், மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். எனக்கோ அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “காளை மாட்டு விந்துக்கும் ரொம்ப நல்லதும்மா. அதையும் டப்பாவிலே போடச் சொல்லு” என்றேன். பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலாக் குடும்பம் குழந்தையைச் சற்றுத் தள்ளி இழுத்துக்கொண்டது. கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. பச்சைத் தேயிலை விலை தரைக்கு வந்துவிட்ட அந்தப் பாழாய்ப்போன வருஷங்களில், ஊட்டிக்கு வெளியே ஒரு தனியார் மாட்டுப் பண்ணையில் லேப் உதவியாளராக இருந்தேன். பண்ணையின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை, அந்த இடத்தில் ஒரு ரிசார்ட் நிற்கிறது. நல்ல ஜாதிக் காளைகளை வளர்த்து, அவற்றின் விந்தை எடுத்து, சினை ஊசி தயாரித்து மலை முழுக்கக் கொடுப்பதுதான் அங்கே தொழில். முட்டை மஞ்சள் கருவும் சில உப்புகளும் கிளிசரினும் சேர்த்த கலவையில் விந்தைப் பெருக்கி, தீக்குச்சியை விட மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ராக்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை முட்டை உடைப்பது. மஞ்சள் கரு காளைக்கு, வெள்ளைக் கரு எங்கள் ஆம்லெட்டுக்கு. பண்ணையில் வேலை பார்த்த எல்லோருக்கும் வெளுத்த ஆம்லெட் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது.

அங்கே கால்நடை மருத்துவராக இருந்தவரை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். கோயம்புத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். குளிருக்கு எப்போதும் காதைச் சுற்றி ஒரு மஃப்ளர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, கோபம்தான். அப்படி ஒரு மரியாதை பிடித்த மனுஷியை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெருக்குகிறவரிடமும் “ஏனுங்க, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா” என்பார். சரி, அது நல்ல குணம். காளையிடமும் அதையேதான் சொல்வார்! எங்களிடம் ஒரு ஜெர்ஸிக் கலப்புக் காளை இருந்தது. மாப்பிள்ளை என்று பெயர். முட்ட வருகிற மாப்பிள்ளையின் கொம்புக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, “வேண்டாமுங்க, தள்ளி நில்லுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். நான்தான் பின்னாலிருந்து கம்பை ஓங்குவேன். அந்தக் கம்பு அவர் கையில் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

மாட்டு விந்து உறையும்போதும் உருகும்போதும் பாதிக்கு மேல் செத்துப்போகும். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் அதைத் தின்றுவிடுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த குன்னூர்ப் பேரிக்காயை நறுக்கி மேஜைமேல் வைத்தார். சற்று நேரத்தில் அது பழுப்பேறியது. “இதேதானுங்க அதுக்கும் நடக்குது. இந்தக் கறுக்கறதைத் தடுக்கிற பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேரு” என்றார். வைட்டமின் ஈ மாதிரி மருந்துகளைக் கலவையில் சேர்க்கலாம் என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார். மேனேஜர் ஒரு பெரிய எஸ்டேட் ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். காளைக்கு வைட்டமினா, பிள்ளைக்குப் போர்ன்விட்டா வாங்கிக் கொடுக்கிற மாதிரியல்லவா கேட்கிறாய் என்று சிரித்து அனுப்பிவிட்டார். டாக்டரம்மாவும் “சரிங்க சார்” என்று வந்துவிட்டார். அவருடைய அந்த “சரிங்க சார்” இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் சும்மா இருக்கவில்லை. தேயிலையில் அந்தச் சத்து கொட்டிக் கிடக்கிறது, கொழுந்து கறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எங்கேயோ படித்திருந்தார். தேயிலைக்கா எங்கள் மலையில் பஞ்சம்? வாங்க ஆளில்லாமல் இலையை ரோட்டில் கொட்டிவிட்டு மறியல் செய்த காலம் அது. சின்னத் தோட்டம் வைத்திருந்த படுகர் வீடுகளில் செடியைக் கவாத்துக்கூடப் பண்ணாமல் விட்டுவிட்டார்கள். பெரிய தோட்டங்களில் வாரத்தில் பாதி நாள் பெரட்டு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுப்பது, கிடையாது. ஆள் கூப்பிட்டால்தானே வேலை, வேலை இருந்தால்தானே கூலி. எங்கள் அம்மா அப்போது கூடலூர் பக்கம் ஓவேலியில் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தாள். இலங்கைக் கண்டியில் பிறந்து, கண்டியில் கொழுந்து கிள்ளி, கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டு இங்கேயும் கொழுந்தே கிள்ளியவள். நான் லீவுக்குப் போய்த் திரும்பும்போது, லயத்துக்குப் பின்னால் அவளே வைத்து வளர்த்த பத்துப் பன்னிரண்டு செடிகளிலிருந்து இளங்கொழுந்தாகக் கிள்ளித் துணிப் பையில் போட்டுக் கொடுத்தாள். “மாட்டு டாக்டருக்குத் தேத்தண்ணி போடவா புள்ள?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

டாக்டரம்மா அந்தக் கொழுந்தை இட்லிச் சட்டியில் வைத்து ஆவி காட்டினார். ஆவி பட்டால் இலை கறுக்காது. பிறகு நிழலில் உலர்த்தி, கொதிக்காத வெந்நீரில் சற்று நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர் எடுத்தார். அதைச் சொட்டுக் கணக்கில்தான் கலவையில் சேர்த்தார். பிறகுதான் அவருடைய வழக்கமான சோதனை. மற்ற இடங்களில் ஸ்ட்ராவை உருக்கிய உடனே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அசைகிறதா, சரி என்று முடித்துவிடுவார்கள். இவர் உருக்கியதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருந்து நேரம் கழித்து மறுபடி பார்ப்பார். தேயிலை சேர்க்காததில் முக்கால்வாசி துவண்டு கிடந்தது. அம்மாவின் கொழுந்து சேர்ந்ததோ இன்னும் நீந்திக்கொண்டிருந்தது! நான் கத்தியே விட்டேன். டாக்டரம்மா மஃப்ளருக்குள் சிரித்தார். அதோடு விடாமல், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் பார்த்தார். ஓரளவுக்கு மேல் போனதும் எல்லாம் பொட்டுப் பொட்டென்று விழுந்துவிட்டது. “பார்த்தீங்களா, காப்பாத்தறதே கூடிப்போனா கொன்னுருமுங்க. கொஞ்சமாத்தான் போடணும்” என்றார். அவர் சொன்னதிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. வைட்டமினுக்குச் சிரித்த மனுஷன் தேயிலை என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். ஏன் வரமாட்டார்? அவருடைய மச்சினன் இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரி வைத்திருந்தான். விற்காத டஸ்ட் டீத் தூள் அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. லேபுக்குள் வந்தவர் டாக்டரம்மாவின் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, டம்ளர் கழுவின தண்ணியாட்டம் இருக்குது?”

“இவ்வளவுதானுங்க சார் வேணும். கூடினா ஆகாதுங்க.”

“நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இப்படி ஒரு டீயைப் போடலாமா? வெளியே தெரிஞ்சா மானம் போயிரும். கலர் வேணும்மா, கலர். நல்லா ஸ்ட்ராங்கா போடு. அப்பத்தான் கன்னுக்குட்டியும் ஸ்ட்ராங்கா பொறக்கும்.”

சிரிக்காதீர்கள். இதைச் சொன்னவர் பி.எஸ்சி. படித்தவர். எங்கள் மலையில் இது ஒரு வியாதி. கொதிக்கக் கொதிக்க, சாயம் இறங்க இறங்க, கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி இருந்தால்தான் அதற்கு டீ என்று பெயர். விருந்தாளிக்கு வெளுத்த டீ கொடுத்தால் அவமரியாதை. வருகிறவர்களுக்கு டீ போட்டே பழகிய ஊர், காளைக்கும் அதே உபசாரம் செய்யப் பார்த்தது. மறுவாரமே மச்சினனின் டஸ்ட் மூட்டைகள் வந்து இறங்கின. அதில் சாயம் கலந்திருந்ததா இல்லையா என்பது அவனுக்கே வெளிச்சம். கொழுந்தை நறுக்கி, காற்றில் கறுக்கவிட்டுச் செய்வதுதான் அந்த டீ. எந்தக் கறுப்பைத் தடுக்க டாக்டரம்மா இட்லிச் சட்டியைத் தூக்கினாரோ அதே கறுப்பு. அதை ஆபீஸுக்கு டீ போடுகிற ஆளை வைத்தே பெரிய பாய்லரில் கொதிக்க வைத்து வாளியில் கொண்டுவந்தார்கள். முட்டைக் கலவை பாயசம் மாதிரி மஞ்சளாக இருக்கும். அன்றைக்கு அது செம்மண் தண்ணீர் மாதிரி ஆயிற்று.

டாக்டரம்மா மறுபடி மறுபடி போய்ச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, நின்றுகொண்டு. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. வெந்நீர்ல வச்சுப் பார்த்தா எல்லாம் நின்னுபோகுதுங்க.” மேனேஜர் பேனாவை மூடாமலே கேட்டார்: “உருக்கினதும் அசையுதா இல்லையா?” “கொஞ்சம் அசையுதுங்க சார்.” “அப்புறம் என்ன? மாடு என்ன வெந்நீர்லயா உக்காந்திருக்குது?” “ஊசி போட்டதோட முடிஞ்சிருமுங்களா சார்? உள்ளே போய் மாட்டோட கருமுட்டை வர்ற வரைக்கும் அது உசுரோட காத்துக் கெடக்க வேண்டாமுங்களா?” அவ்வளவு நியாயமான கேள்வியை அவ்வளவு மெதுவாகக் கேட்டால் யாருக்கு உறைக்கும்! “நீ கவலைப்படாதேம்மா, நல்லா வரும்” என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். வெளியே வந்த டாக்டரம்மாவை நான் பிடித்துக்கொண்டேன். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? மேஜையில ஒரு தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டியதுதானே?” என்றேன். “அவருக்கும் நல்லது பண்ணணும்னுதானுங்க ஆசை” என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பால் சேகரிக்கிற இடங்களிலெல்லாம் போர்டு வைத்தார்கள்: ‘நம் மலைத் தேயிலையின் சத்து நிறைந்த சினை ஊசி.’ ஜனங்கள் அதற்கு டீ ஊசி என்று பெயர் வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. இதில் ஜனங்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தேயிலை சோறு போடாத காலத்தில் பாலாவது போடுமா என்று ஆளாளுக்கு ஒரு கலப்பின மாட்டைக் கடனுக்கு வாங்கிக் கட்டியிருந்தார்கள். யாருமே மதிக்காத தங்கள் இலை, மாட்டுக்காவது மருந்தாகிறது என்று கேட்டபோது அவர்களுக்கு ஒரு நிமிர்வு வந்தது. அந்த நிமிர்வை வைத்துத்தான் அந்த ஆள் வியாபாரம் பண்ணினார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் அம்மாவும் ஒரு மாடு வைத்திருந்தாள். செவலை என்று பெயர். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. கிடாரிக் கன்றாக வாங்கி வளர்த்தது, அப்போதுதான் முதல் பருவத்துக்கு வந்திருந்தது. பெரட்டு இல்லாத நாட்களில் அம்மாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். செவலை சினை பிடித்துக் கன்று போட்டால் பால்; பால் இருந்தால் லயத்தை விட்டுப் போக வேண்டாம், மேஸ்திரி வீட்டுப் படியில் போய் நிற்க வேண்டாம். சினை பிடிக்கவில்லை என்றால் தீனி போட்டுக் கட்டி வைக்க வழியில்லை, விற்றே ஆக வேண்டும். பருவம் வந்து முதல் தடவை கத்தியபோது அம்மா டீ ஊசிக்காகவே காத்திருந்து அடுத்த பருவத்தில் போட்டாள். நான் போய்ச் சண்டை போட்டேன். “அது டாக்டரம்மா செஞ்ச ஊசி இல்லம்மா. உன் கொழுந்து அதுல இல்ல. எவனோ வீட்டுக் குப்பைத் தூள். கூடலூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போய் வேற ஊசி போடு” என்றேன். அம்மா வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “சும்மா கதைக்காத புள்ள. நம்ம தேயிலைய நாமளே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?”

வாழ்நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவள். தேயிலை கெடுதல் செய்யும் என்று அவளிடம் சொல்வது, அவள் கையைப் பழிப்பது மாதிரி.

சினை நிற்காமல் செவலை மறுபடி கத்தியது. மறுபடி ஊசி. மறுபடியும் கத்தியது. லயத்தில் மற்ற மாடுகளும் அப்படியேதான். எங்கள் பண்ணைக்கும் ஆட்கள் வந்து கேட்டிலே நின்று கேட்கத் தொடங்கினார்கள். மேனேஜர் ஒரு புதுப் பேச்சுக் கண்டுபிடித்தார். “தீனி போடத் துப்பில்லாம எலும்பும் தோலுமா மாட்டை வச்சுக்கிட்டு ஊசியைக் குத்தம் சொல்றானுங்க” என்றார். அன்றைக்குக் கேட்டில் நின்றவர் ஒரு வயதான படுகர். வெள்ளைச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். டாக்டரம்மா ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஃப்ளரை அவிழ்த்து மேஜையில் வைத்தார். அவர் காதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். நன்றாகச் சிவந்திருந்தது.

நேரே ஸ்டோர் அறைக்குப் போனார். அனுப்புவதற்குத் தயாராக நைட்ரஜன் உருளைகளில் டீ ஊசிகள் கிடந்தன. உருளை ஒவ்வொன்றும் பால் கேன் கனம் இருக்கும். தனியாளாக வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். நான் பிடிக்கப் போனேன். “நீங்க தள்ளி நில்லுங்க, உங்க வேலை போயிரும்” என்றார். முற்றத்துச் சிமென்ட் தரையில் மூடியைத் திறந்து சாய்த்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று தரையோடு படர்ந்தது. ஸ்ட்ராக்கள் சிதறி உருண்டன. அடுத்த உருளை. அதற்கடுத்தது. மேனேஜர் ஓடிவந்து, “ஏய், என்ன பண்றே, பைத்தியமா உனக்கு?” என்று அலறினார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா? “மன்னிச்சுக்குங்க சார். கால்ல பட்டுரப் போகுது, தள்ளிக்குங்க.” சொல்லிவிட்டுக் கடைசி உருளையையும் கவிழ்த்தார். வெயிலில் கிடந்த ஸ்ட்ராக்கள் சற்று நேரத்தில் உருகி ஒன்றுக்கும் உதவாமல் போயின. முன்னாலேயும் அவை ஒன்றுக்கும் உதவவில்லை, அது வேறு விஷயம்.

அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். டீ ஊசி தோற்றதற்குக் காரணம் டாக்டரம்மாவின் அரைகுறை ஆராய்ச்சி என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார். யோசனை அவருடையதுதானே! மேனேஜர் முகத்துக்கு நேரே நான் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது. என்னையும் அனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே, தோளில் ஒரு சின்ன நைட்ரஜன் குடுவையை மாட்டிக்கொண்டு டாக்டரம்மா எனக்காகக் காத்திருந்தார். “நம்ம முதல்ல செஞ்சதுல நாலஞ்சு ஸ்ட்ரா தனியா வச்சிருந்தேனுங்க. உங்கம்மா கொழுந்துல செஞ்சது. செவலை இந்த வாரம் கத்தணுமல்லங்க? போய் நானே போட்டுட்டுப் போயிடறேன்” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கூடலூருக்கு இறங்கினோம். வளைவு ஒவ்வொன்றிலும் குடுவையை மடியில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். கூடலூரிலிருந்து ஜீப். ஜீப் போகாத இடத்தில் நடை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்கு நான்தான் முன்னால் ஓடினேன். முளைக்குச்சி இருந்தது. அதில் கயிறு சுற்றி வைத்திருந்தது. தொட்டியில் பாதித் தண்ணீர். சாணம்கூட இன்னும் காயவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “நேத்துத்தான் புள்ள லாரி வந்திச்சு. அதுக்கு மேல வச்சிருக்க ஏலாது. மலட்டு மாட்ட எவன் வளக்க வாங்குவான்? கறிக்காரனுக்குத்தான் குடுத்தேன்” என்றாள். பிறகுதான் டாக்டரம்மாவைப் பார்த்தாள். பதறிப்போய், “வாங்க, உள்ளுக்கு வந்து குந்துங்க” என்றாள். டாக்டரம்மா அசையவில்லை. தோளிலிருந்து குடுவையை இறக்கவும் இல்லை. முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, செவலை மலடு இல்லைங்க” என்றார். எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரல். “ஊசிதானுங்க கெட்டது. மாடு நல்ல மாடுங்க.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மனசு நோகாதீங்க. என் ராசி அப்பிடி. உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்” என்றாள். நல்ல கறுப்பாகச் சாயம் இறக்கி, வெல்லம் கடித்துக்கொள்ளக் கொடுத்து, டாக்டரம்மாவை உட்கார வைத்து ஆறுதல் சொன்னாள்! மாட்டைப் பறிகொடுத்தவள் மருத்துவருக்கு ஆறுதல் சொல்கிறாள். டாக்டரம்மா அந்த டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார். மத்தியான பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு தடவை போன் வந்தது. அதற்குப் பிறகு எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

செவலை மலடு இல்லை என்பதை அம்மா இத்தனை வருஷமும் நம்பவில்லை. கொதிக்க விடக் கூடாது, கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் ஒரே பதில்தான்: “படிச்சவுக. என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாக.” அதுதான் என் கோபம். மாட்டிடமும் மேனேஜரிடமும் ஒரே மரியாதையில் பேசிப் பேசி, அந்த மனுஷி உண்மையைச் சொன்னபோதுகூட அது உபசார வார்த்தையாகத்தான் காதில் விழுந்தது. கத்தியிருக்கலாம். அம்மாவைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். “உன்னை ஏமாத்திட்டாங்க” என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர்மேல் எனக்கு இருப்பது வெறும் வெறுப்பு, அது பழகிவிட்டது. டாக்டரம்மாமேல் இருக்கும் கோபம்தான் தணிய மாட்டேன் என்கிறது. நல்லவர்கள்மேல் வருகிற கோபத்துக்கு மருந்தே இல்லை.

கடைப் பெண்ணிடம் அவ்வளவு பேசிவிட்டு வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. அந்தப் பச்சை டப்பாவை வாங்கிக்கொண்டே வந்துவிட்டேன். அம்மா இப்போது என்னோடு குன்னூரில் இருக்கிறாள். கண் சரியாகத் தெரியாது, காது மட்டும் பாம்புக் காது. மறுநாள் காலையில் வெந்நீர் வைத்து டப்பாவைத் திறந்தேன். எப்படிப் போடுவது என்று பின்பக்கத்தில் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தேன்: “இலைகள் கறுக்காதபடி ஆவியில் பதப்படுத்தியவை. கொதிக்க வைக்க வேண்டாம். அதிக நேரம் ஊற வைக்க வேண்டாம். அளவாக மட்டும் பயன்படுத்தவும்.”

வைக்கோல் நிறத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். குறை சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா படி” என்றாள்.

படித்தேன்.

“டப்பாவுலயே போட்டிருக்கா?”

“ஆமாம்மா. அச்சடிச்சிருக்கு.”

“இதத்தானே புள்ள அந்த டாக்டர் புள்ள சொல்லிச்சு?”

“இதேதாம்மா.”

“அப்ப செவலை மலடில்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மாவுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, “இல்லம்மா” என்றேன்.

“முழிச்சு முழிச்சுப் பாத்துச்சு. லாரியில ஏற மாட்டேன்னுச்சு. நாந்தான் கழுத்தத் தடவி ஏத்தி விட்டேன்” என்றாள். யாரையும் ஒரு சொல் திட்டி அறியாத என் அம்மா, டம்ளரில் இருந்ததை வாசலைப் பார்த்து வீசி ஊற்றினாள்.

“எங்கன இருக்கான் இப்ப அவன், அந்த மேனேஜரு?” என்று கேட்டாள்.